தொழுகை வரிசையிலிருந்து கல்யாணப் பந்தல் வரை



யாருடைய நினைவில் இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர், ஒரு மதத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அதன் நூல் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்கமாட்டார். அங்கே நம் ஆள் எங்கே உட்காருகிறான், யாரோடு சாப்பிடுகிறான், யார் வீட்டில் பெண் எடுக்கிறான் என்றுதான் கேட்பார். அவருடைய அந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டே தமிழ்நாட்டில் இஸ்லாமிய வாழ்வும் நம் வாழ்வும் சந்திக்கும் இடங்களைப் பேசலாம் என்று நினைக்கிறோம்.

நம்மில் பலருக்கு இஸ்லாம் அறிமுகமானது தர்கா வழியாகத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லையென்றால் மந்திரிக்கவும், தாயத்துக் கட்டவும், நேர்ச்சை வைக்கவும் நம் தாய்மார்கள் அங்கே போனார்கள். நாகூரில் மொட்டை போடுகிறார்கள். கந்தூரிக்குக் கொடியேற்றுகிறார்கள். சந்தனக்கூடு தேர்போல ஊர்வலம் வருகிறது. அங்குள்ள மினாராக்களில் ஒன்றைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். இந்த மண்ணின் திருவிழா வடிவத்தை எடுத்துக்கொண்டு வளர்ந்த இஸ்லாம் அது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் கால் வைக்க 1939 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு போராட்டம் தேவைப்பட்டது. தர்கா வாசலில் அந்தக் கேள்வியே எழவில்லை.

1980களுக்குப் பிறகு வலுப்பெற்ற தவ்ஹீத் இயக்கம் இதையெல்லாம் இணைவைத்தல் என்று கண்டித்தது. வளைகுடா வேலையும் அச்சும் ஒலிநாடாவும் அந்தக் குரலை ஊர் ஊராகக் கொண்டுசென்றன. பண்பாட்டு ஆய்வாளர்கள் பலர் இதை, உள்ளூர் மரபை அரபு மரபு விழுங்குகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நாம் அப்படி முடிக்க முடியாது. கந்தூரியைக் கண்டித்த அதே மேடைதான் வரதட்சணையையும் கண்டித்தது. குர்ஆனைத் தமிழில் வாசிக்கச் சொன்னது. பெண்களைப் பள்ளிவாசலுக்குத் தொழ வரச்சொன்னது. தர்கா நம்மைப் பக்தர்களாக உள்ளே விட்டது, ஆனால் உறவாக்கிக்கொள்ளவில்லை. சீர்திருத்தவாதி நம்மைச் சகோதரன் என்கிறான், ஆனால் நம் பாட்டன் வணங்கிய இடத்தையும் நம் மேளத்தையும் வாசலில் வைத்துவிட்டு வரச் சொல்கிறான். இரண்டிலும் வரவும் உண்டு, இழப்பும் உண்டு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஊர் மீனாட்சிபுரம். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், இன்றைய தென்காசி மாவட்டத்தில், மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது. 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. நாடே அதிர்ந்தது. அரபுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் வந்தார்கள். அதுவரை அந்த ஊரின் தேநீர்க்கடை எப்படியிருந்தது, பேருந்தில் யார் உட்கார்ந்தார்கள், காவல்துறை எந்தத் தெருவுக்குள் மட்டும் நுழைந்து அடித்தது என்று கேட்க வராதவர்கள், மதம் மாறிய மறுநாள் வந்தார்கள். மாறியவர்களில் படித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் உண்டு. வயிற்றுப் பசிக்காக மட்டும் எடுத்த முடிவு என்று அதைச் சுருக்க முடியாது. நேற்றுவரை சாதிப் பெயர் சொல்லி ஒருமையில் அழைத்தவன் இன்று ‘வாங்க பாய்’ என்றான். இந்த ஒரு சொல்லின் விலை அதைக் கேட்காமலே வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெரியவரின் முதல் இரண்டு கேள்விகளுக்கு இங்கே விடை கிடைத்துவிடுகிறது. தொழுகை வரிசையில் முன்னே வந்தவன் முன்னே நிற்கிறான், பின்னே வந்தவன் பின்னே நிற்கிறான். தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்க வேண்டும். காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் விருந்தில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே சோற்றில் பல கைகள் படச் சாப்பிடுகிறார்கள். அதற்கு சஹன் என்று பெயர். இரட்டைக் குவளையில் குடித்துப் பழகிய ஒருவன் அந்தத் தட்டின் முன் உட்காரும்போது அவன் உடம்பில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இது வெறும் சடங்குச் சமத்துவம் என்று ஏளனம் செய்யும் முற்போக்காளர்களோடு நாம் உடன்படவில்லை. தீண்டாமை உடம்பின் மீது செலுத்தப்பட்டது. அதற்கு மருந்தும் உடம்பில்தான் தொடங்கும்.

மூன்றாவது கேள்வியில்தான் சிக்கல். யார் வீட்டில் பெண் எடுக்கிறான்? ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்கனி என்ற பிரிவுகளை மார்க்கம் உருவாக்கவில்லை. தொழிலும் மொழியும் ஊரும் உருவாக்கின. ஆனால் பெண் பார்க்கும்போது அவை எழுந்து நிற்கின்றன. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு தலைமுறை கழிந்தும் ‘புதிதாக வந்தவர்கள்’ என்ற பெயர் போவதில்லை. சாதி இழிவு நீங்க இஸ்லாத்தைத் தழுவலாம் என்று பெரியார் மேடையில் பேசினார். அம்பேத்கரோ பாகிஸ்தான் பற்றிய தம் நூலில், இந்திய முஸ்லிம் சமூகத்துக்குள் இருக்கும் சாதியை மறைக்காமல் எழுதினார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ அந்த மேல்-கீழை உள்ளிருந்தே சொன்னது. பீகாரில் அலி அன்வர் 1998இல் பஸ்மந்தா மகாஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, பின்தள்ளப்பட்ட முஸ்லிம்களின் குரலை அரசியல் ஆக்கினார். 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையும் அஷ்ரஃப், அஜ்லஃப், அர்ஸல் என்ற படிநிலையைப் பதிவுசெய்தது.

கல்யாணத்தில் இன்னொன்றையும் பார்க்கிறோம். மார்க்கப்படி மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் மஹர் சிறு தொகையாகப் பதிவேட்டில் ஏறுகிறது. கைக்கூலி பெருந்தொகையாகப் பதிவில்லாமல் எதிர்த்திசையில் போகிறது. உள்ளூர்ப் பண்பாடு என்றால் கருகமணியும் சந்தனமும் மட்டுமல்ல, இதுவும்தான். ஆகவே உள்ளூர் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. இதை அந்தச் சமூகத்தின் பெண்களே கேட்டார்கள். சல்மா ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் வீட்டுக்குள் அடைபட்ட வாழ்க்கையை எழுதினார். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கி, ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து தலாக்கையும் ஜீவனாம்சத்தையும் தீர்த்துவைத்த இடத்துக்கு எதிரே ஓர் இடம் போட்டார். அவர்கள் மார்க்கத்தை விட்டு வெளியேறவில்லை. மார்க்கம் தந்த உரிமையை ஊர் பிடுங்கிக்கொண்டது என்று வாதாடினார்கள்.

இத்தனைக்கும் மேலே அரசு உட்கார்ந்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இருப்பவரே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். முஸ்லிமும் கிறிஸ்தவரும் இன்றும் வெளியே. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த, கிறிஸ்தவம் தழுவிய ஆதி திராவிடர் ஒருவர் தொடுத்த சூசை வழக்கில், புதிய மதத்திலும் அதே இழிவும் நலிவும் தொடர்கின்றன என்று மெய்ப்பித்துக் காட்ட வேண்டும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதத்தையும் பட்டியல் சாதி நிலையையும் பிரிக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. அது கிடப்பில் போனது. 2022இல் நீதியரசர் பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைத்தார்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருந்தும், மதம் மாறிய தலித்தின் பிள்ளை எந்தப் பட்டியலில் வருவான் என்பது சான்றிதழ் கேட்டுப் போனபோதெல்லாம் இழுபறியாகி வந்திருக்கிறது. மதமாற்றத் தடைச் சட்டத்தை 2002இல் கொண்டுவந்து 2004இல் திரும்பப் பெற்றார்கள். ஆனால் 1950 ஆணைதான் ஓசையில்லாத தடைச் சட்டமாக இத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறது.

நகரத்துக்கு வந்தால் வேறொரு கதவு அடைக்கப்படுகிறது. பழைய பெயரோடு வீடு கேட்டால் சாதி தெரியும் என்று அஞ்சியவன், புதிய பெயரைச் சொன்னதும் ‘வெஜிடேரியனுக்கு மட்டும்’ என்ற பதிலைக் கேட்கிறான். 1998 கோவைக் குண்டுவெடிப்புக்குப் பிறகு காவல் சோதனைகளில் அந்தப் பெயரே விசாரணைக்குப் போதுமான காரணமாயிற்று. ஒரு முத்திரையை அழித்துக்கொள்ள வந்தவன் மீது இன்னொரு முத்திரை விழுகிறது.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். தொழுகை வரிசையில் கிடைத்த சமத்துவம் உண்மையானது. அது அங்கேயே நின்றுவிடாமல் கல்யாணப் பந்தல்வரை நடந்துவர வேண்டும். அப்படி நடக்கவைக்கும் பொறுப்பு ஜமாஅத்துகளுக்கு உண்டு. மதம் மாறியதற்காக உரிமையைப் பறிக்கும் ஆணையை நீக்கச் சொல்லிப் போராடும் பொறுப்பு நமக்கு உண்டு. ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட முடியாது. ‘அங்கேயும் சாதி இருக்கிறது பார்’ என்று நம்மைத் திரும்ப அழைப்பவர்களிடம், இங்கே இருப்பதை ஒழித்துவிட்டுப் பேசுங்கள் என்போம். ‘எங்களிடம் சாதியே இல்லை’ என்று சொல்லும் இஸ்லாமியத் தோழர்களிடம், உங்கள் நிக்காஹ் பதிவேட்டைப் பிரித்துக் காட்டுங்கள் என்று உரிமையோடு கேட்போம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பதிவேடுகளைத் தேடிப் போங்கள். பள்ளிவாசல்களில் நிக்காஹ் பதிவேடு இருக்கும். அனுமதி கேட்டு உட்கார்ந்து, நாற்பது ஆண்டுகளில் புதிதாக வந்த குடும்பத்துக்கும் பழைய குடும்பத்துக்கும் இடையே எத்தனை திருமணங்கள் நடந்தன, மஹர் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் அதை மகிழ்ச்சியோடு இதே மேடையில் வந்து சொல்லுங்கள். கூடவில்லையென்றால் முதலில் அந்த ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு, பிறகு இங்கே வாருங்கள். பெரியவர் இருந்திருந்தால் அந்த வரிசையில்தான் செய்யச் சொல்லியிருப்பார்.