பார்த்தோம், கேட்கவில்லை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் இளைய பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நட்பைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். எங்கள் வயதினரின் நட்பு பெரும்பாலும் கைத்தொலைபேசிக்குள்தான் இருக்கிறது. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன்.

உயர்தரம் முடித்துப் பிரிந்தபோது நாங்கள் நான்கு பேர் வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். ஒருத்தி படிக்க மெல்பேண் போனாள். ஒருத்தி பேராதனையில், ஒருத்தி கொழும்பில், நான் ஊரில். காலை வணக்கம் முதல் இரவு சாப்பிட்ட கொத்துரொட்டி வரை எல்லாம் அதில் வரும். மெல்பேணிலிருந்து கடற்கரைப் படங்கள் வரும். நாங்கள் மூவரும் இதயம் போடுவோம்.

இரண்டு வருடங்களின் பின் அவள் விடுமுறையில் வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். இரவு விறாந்தையில் இருந்து கதைக்கும்போதுதான் சொன்னாள். முதல் வருடம் இரண்டு பாடங்களில் தவறினாளாம். கட்டணத்துக்காக இரவில் கிளீனிங் வேலை செய்தாளாம். பல நாட்கள் அழுதபடியே நித்திரை கொண்டாளாம்.

“ஏனடி சொல்லேல்லை? ஒவ்வொரு நாளும் கதைச்சனாங்கள்தானே?” என்றேன்.

“எல்லாருக்கும் முன்னால எப்படியடி சொல்லுறது? நீ தனிய எடுத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்” என்றாள்.

அன்றிரவு பழைய செய்திகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளுடைய படங்கள் எல்லாவற்றிலும் என் இதயம் இருந்தது. ஒரு கேள்விகூட இல்லை. கேளாமலே செய்தி வந்துகொண்டிருந்ததால் கேட்பதையே விட்டுவிட்டேன்.

இங்குள்ள அக்காமார் பலர் கடிதத்தில் நட்பைக் காத்தவர்கள். மறுமொழிக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள். ஆனால் அந்த நீல நிற எயார்மெயில் ஒருத்திக்காக மட்டும் எழுதப்பட்டது. “நீ சுகமா?” என்று அவளையே கேட்டது.

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்ரி ஹோல் என்னும் ஆய்வாளர் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு 200 மணித்தியாலங்களுக்கு மேல் சேர்ந்து செலவிட வேண்டும் என்கிறது அது. வகுப்பிலும் வேலையிலும் கழிந்த நேரத்தைவிட, சிரித்துப் பேசிக் கழித்த நேரமே நட்பை வளர்க்கிறதாம். இடைவேளையிலும், வலைப்பந்துத் திடலிலும், ரியூசனுக்குச் சைக்கிளில் போன வழியிலும் அந்த மணித்தியாலங்களை இந்தப் பாடசாலை எங்களுக்குச் சும்மா தந்தது. இனி நாங்களாகத் தேடித்தான் கொடுக்க வேண்டும்.

நான் கைத்தொலைபேசியைக் குறை சொல்லவில்லை. அவளுடைய குரலையும் அதுதான் கொண்டுவருகிறது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு, நாங்கள் இருவரும் தனியே கதைக்கிறோம். போன மாதம் அவள், “உன்ர குரல் ஒரு மாதிரி இருக்கு, என்னடி?” என்று கேட்டாள். நான் யாருக்கும் சொல்லாததை அன்று அவளுக்குச் சொன்னேன்.

இன்று இங்கு எடுத்த படங்கள் எல்லாம் இரவுக்குள் எங்கள் குழுக்களுக்குப் போய்விடும். போகட்டும். ஆனால் இந்த விழாவுக்கு வரமுடியாத ஒருத்தி உங்கள் வகுப்பிலும் இருப்பாள். நாளைக்கு அவளுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். படத்தைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். முதலில் அவளைக் கேளுங்கள்.