கறுப்புக்குக் கறுப்பு



மேடை ஏறுகிறவர்கள் சாதனையைச் சொல்வது வழக்கம். நான் ஒரு சென்சாரை எரித்த கதையைச் சொல்கிறேன்.

அப்பாவின் பெட்ரோல் கார் 2002 மாடல். 15 வருடம் முடிந்ததும் 2017-இலும், பிறகு 2022-இலும் பதிவைப் புதுப்பித்து ஓட்டி வருகிறார். போன வருடம் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டது. காரணம் ஆக்சிஜன் சென்சார். டீலரிடம் கேட்டால், "அந்தப் பார்ட்டை நிறுத்தியாச்சு சார்." மெக்கானிக் இன்னும் சுலபமாகச் சொன்னார்: "கன்வெர்ட்டரையும் உடைச்சு காலிக் குழாயா ஆக்கிடலாம், வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இன்ஜினீயர்தானே?"

காற்று 14.7 பங்கு, பெட்ரோல் 1 பங்கு என்ற எடை விகிதத்தை ஒட்டி இருந்தால்தான் கன்வெர்ட்டர் மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருசேர மாற்றும். கலவையை அந்த இடத்தில் பிடித்து வைப்பது இந்தச் சென்சார். பெட்ரோல் கூடினால் 0.9 வோல்ட் பக்கம் போகும், குறைந்தால் 0.1 பக்கம் இறங்கும். காலிக் குழாயோடு எப்படியாவது ட்யூன் பண்ணிச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அந்தச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லையே! அதைச் சுவாசிக்கப் போவது எங்கள் தெருப் பிள்ளைகள்.

சென்சாரின் உடம்பிலேயே அதைத் தயாரித்தவரின் எண் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் கடை கடையாக ஏறினேன். சிர்கோனியாவா, டைட்டானியாவா என்று முதலில் பாருங்கள். டைட்டானியா வோல்ட் தராது, அதில் மின்தடைதான் மாறும். ஒன்றுக்கு ஒன்று ஆகாது. பிறகு மரை 18 மில்லிமீட்டரா, கம்பி எத்தனை, ஹீட்டர் எத்தனை ஓம். பழைய சென்சார் மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள்.

பிளக் இல்லாத பொதுச் சென்சார் ஒன்று கிடைத்தது. பழைய பிளக்கை வெட்டி, கறுப்புக்குக் கறுப்பு, வெள்ளைக்கு வெள்ளை என்று சேர்த்தேன். படித்த முட்டாள்தனம்! பழையது டென்சோ: இரண்டு கறுப்பும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். புதியது பாஷ்: இரண்டு வெள்ளையும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். சாவியைத் திருப்பினேன். பேட்டரியின் 12 வோல்ட் சிக்னல் கம்பியில் ஏறி, சென்சார் போயே போச்சு. கம்ப்யூட்டர் தப்பியது அப்பா செய்த புண்ணியம்.

இரண்டாவதை வாங்கி, மீட்டர் வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்து இணைத்தேன். சால்டர் வைக்கவில்லை. ஒப்பீட்டுக்கு வேண்டிய வெளிக்காற்றைப் பல சென்சார்கள் கம்பி இழைகளின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கின்றன. ஈயம் உருகி அடைத்துவிட்டால் அளவு தப்பும். கிரிம்ப் செய்தேன். சோதனையில் வண்டி வரம்புக்குள் வந்தது. அப்பா சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "முதல் சென்சார் காசு உன் கணக்கு" என்றார்.

எரிந்த சென்சாரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டோமொபைல் லேபில் அதை அறுத்துப் பார்க்க ஆசிரியர் அனுமதி தந்திருக்கிறார். வர விரும்பும் தம்பி தங்கைகள் 2 மணிக்கு வந்துவிடுங்கள்.