சிலையும் துவக்கும்

வெள்ளைக்காரன் ஆட்சிக்காலத்தை வைத்து எடுக்கிற சண்டைப் படங்களில் கடைசி அரைமணி நேரத்தில் வெள்ளைக்காரன் விழுந்துதான் ஆகவேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த முடிவு. அவன் கொடுத்த துவக்கைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கம் நின்ற நம்மவர்களைப் படம் என்ன செய்கிறது? நான் கவனிப்பது அதைத்தான். 2024 பொங்கலுக்கு வந்த ‘கேப்டன் மில்லர்’ இந்தக் கேள்வியிலிருந்தே தன் கதையைத் தொடங்குகிறது. அருண் மாதேஸ்வரன் இயக்கி, தனுஷ் நடித்த படம். இன்றைக்கு அதைப்பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

இந்த வகைக்குத் தமிழில் மூத்த படம் பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1959இல் வந்தது. அதில் சண்டைக் காட்சிகள் இருக்கின்றன, பீரங்கியும் வெடிக்கிறது. ஆனால், உண்மையான ஆயுதம் சிவாஜி கணேசனின் குரல்தான். கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் கட்டிய ஒலிபெருக்கிகளில் அந்த வசனங்களைக் கேட்டு மனப்பாடம் செய்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1799 ஒக்டோபரில் கயத்தாறில் தூக்கில் தொங்கிய ஒரு பாளையக்காரர், அந்தக் குரலால் கடல் தாண்டி இலங்கையில் நம்முடைய வீடுகளுக்குள்ளும் வந்து சேர்ந்தார். அந்தப் படத்தில் துரோகம் ஒரே ஆள்மீது இறங்கிவிடுகிறது. எட்டப்பன் என்ற பெயரைச் சொல்லி மற்ற எல்லோரும் கை கழுவிக்கொள்ள முடிகிறது. கும்பினிப் படையில் சம்பளத்துக்கு நின்ற ஆயிரக்கணக்கான உள்ளூர்ச் சிப்பாய்கள் யார், ஏன் போனார்கள் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

‘கேப்டன் மில்லர்’ அந்தச் சிப்பாயைக் கதாநாயகன் ஆக்குகிறது. 1930களில் நடக்கும் கதை. ஊருக்கு ஒரு பழைய கோயில். அதைக் கட்டிய மக்களின் வழித்தோன்றல்களுக்கே உள்ளே நுழைய உரிமையில்லை. அந்த ஊர்ப் பையன் அனலீசன். எல்லோரும் ஈசா என்று கூப்பிடுகிறார்கள். அவனுடைய அண்ணன் செங்கோலன், கன்னட நடிகர் சிவராஜ்குமார் ஏற்ற பாத்திரம், சுதந்திரப் போராட்டத்தில் நிற்பவன். தம்பிக்கோ வெள்ளைக்காரனைவிட ஊர்க்காரன்மீதுதான் கோபம். பட்டாளத்தில் சேர்ந்தால் மரியாதை கிடைக்கும் என்று போகிறான். அங்கே மில்லர் என்று ஒரு பெயர் கிடைக்கிறது. முதல் உலகப்போரில் மட்டும் ஏறக்குறைய 13 இலட்சம் இந்தியர் பிரித்தானியப் படையில் பணியாற்றினார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தச் சீருடை, ஊரில் கிடைக்காத ஒரு நிமிர்வைக் கொடுத்திருக்கும். இந்த உண்மையைப் படம் கூச்சமில்லாமல் சொல்கிறது. நான் அதை மதிக்கிறேன்.

பிறகு வருகிறது அந்தத் துப்பாக்கிச்சூட்டுக் காட்சி. நிராயுதபாணிகளாக நிற்கும் சொந்த நாட்டு மக்கள்மீது சுடச் சொல்லிக் கட்டளை. மில்லர் சுடுகிறான். நேயர்களே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். சாதாரணப் படமென்றால் நாயகன் சுட மறுத்திருப்பான். இங்கே சுட்டுவிட்டு, என்ன செய்தோம் என்று உணர்ந்த பிறகே கட்டளையிட்ட அதிகாரிமீது திரும்புகிறான். வரலாற்றிலும் இப்படி நடந்திருக்கிறது. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் பிரித்தானிய அதிகாரி டயரின் கட்டளைக்குச் சுட்டவர்கள் பிரித்தானிய இந்தியப் படையின் சிப்பாய்கள்தான். 1930 ஏப்ரலில் பெஷாவரில் சந்திர சிங் கர்வாலியும் அவருடைய தோழர்களும் கூட்டத்தின்மீது சுட மறுத்து, இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். சுட்டவன் ஒரு கரை, மறுத்தவன் ஒரு கரை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஒருவனைத் தனுஷ் நடித்திருக்கிறார். அந்த நிமிடங்களில் அவர் வசனத்தை நம்பவில்லை; முகத்தில் இரத்தம் வற்றிப்போகிறது. அவ்வளவுதான், நமக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது.

இந்தப் படம் நம்முடைய ஊரைத் தொடும் இடம் இனித்தான் வருகிறது. ஊர்க் கோயிலின் சிலை வெள்ளைக்காரன் கைக்குப் போகிறது. அதைச் சுற்றித்தான் பிற்பாதி முழுவதும் சுழல்கிறது. திருகோணமலைக்குப் பக்கத்தில், தம்பலகாமத்தில் இருந்துகொண்டு இதைக் கதை என்று மட்டும் பார்க்க முடியாது. 1620களில் பறங்கியர் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, திருகோணமலையின் சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். இன்று நாம் பிரெட்றிக் கோட்டை என்கிற அதன் வாசல் தூணில், கோயில் கல்லில் வெட்டிய கயல்மீன் சின்னத்தை இப்போதும் பார்க்கலாம். ஆனால், விக்கிரகங்கள் எல்லாம் அவன் கைக்குப் போகவில்லை. அடியார்கள் சிலவற்றை மண்ணுக்குள் புதைத்தார்கள், சிலவற்றைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே வந்தார்கள். அப்படி வந்த கோணேசருக்கே, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் காலத்தில் நம்முடைய வயல்வெளி நடுவே ஆதிகோணநாயகர் ஆலயம் எழுந்தது என்பது ஊர் மரபு. 1950இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. முந்நூறு ஆண்டுக்கு மேலாகப் பறங்கியனுக்கும் ஒல்லாந்தனுக்கும் ஆங்கிலேயனுக்கும் அகப்படாமல் கிடந்தவை அவை.

ஒரு விக்கிரகத்தை ஆட்சியாளனிடமிருந்து காப்பாற்றுவது எப்படிப்பட்ட வேலை என்று நமக்குத் தெரியும். அதற்கு இரவு வேண்டும், வழி தெரிந்த ஆள் வேண்டும், தலைமுறை தலைமுறையாக வாய் திறக்காத ஊர் வேண்டும். படத்தின் முற்பாதியில் இந்த உணர்வு இருக்கிறது. கோயிலின் தொன்மத்தைச் சொல்லித் தொடங்கும் விதம், மக்கள் அந்தத் தெய்வத்தைத் தூரத்திலிருந்தே நினைத்துக்கொள்ளும் விதம், எல்லாம் நெஞ்சில் நிற்கின்றன. பிற்பாதியில் இயக்குநர் இயந்திரத் துவக்கிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகிறார். வாகனங்கள் எரிகின்றன, மனிதர்கள் சரிகிறார்கள், ஜி. வி. பிரகாஷின் இசை காதைப் பிடித்து உலுக்குகிறது. சித்தார்த்தா நுனியின் ஒளிப்பதிவு புழுதியையும் வெயிலையும் அழகாகப் பிடிக்கிறது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால், சிலை யாருக்கு என்ன என்பது அந்தப் புகைக்குள் மங்கிப்போகிறது. துவக்கு ஏந்திவரும் பெண் பாத்திரங்களுக்கு, அந்தத் துவக்கைத் தாண்டி எழுதப்பட்டது குறைவு. கதையை அத்தியாயம் அத்தியாயமாக முன்னும் பின்னும் வெட்டியிருப்பது முதலில் சுவையாக இருந்தாலும், போகப்போக மனிதர்களை நெருங்கவிடாமல் தடுக்கிறது.

இவ்வளவு குறைக்குப் பிறகும் இந்தப் படத்தை நான் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்குக் காரணம், கோயில் வாசலைப் பற்றி அது கேட்கும் கேள்வி. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939 ஜூலையில். படத்தின் காலமும் ஏறக்குறைய அதுதான். நமக்கு அது இன்னும் கிட்டிய வரலாறு. யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். வெள்ளைக்காரன் கப்பலேறி இருபது ஆண்டு கழிந்திருந்தது. சாதிப் பாகுபாட்டைத் தண்டிக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. வாசல் மட்டும் பூட்டியே இருந்தது. சுதந்திரம் கேட்ட அண்ணனும் மரியாதை கேட்ட தம்பியும் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள முடியாமல் நிற்கும் அந்தக் காட்சிகளை, இந்த வரலாறு தெரிந்தவர்கள் இலேசாகக் கடக்க முடியாது. நம்முடைய கோணேசர் கோயிலின் வழமைகளைச் சொல்லும் பழைய நூலான கோணேசர் கல்வெட்டும் தானத்தார், வரிப்பத்தார் என்று கோயில் தொழும்புகளைப் பிரித்து எழுதி வைத்திருக்கிறது. கல் சுமந்தவனின் பேரன் உள்ளே வரலாமா என்ற கேள்வியை எழுப்பும் ஒரு தமிழ்ச் சண்டைப் படம் வந்தது நல்ல காரியம்.

நம்முடைய நாட்டுப் படைப்பாளிகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மில்லருக்கு இணையான கதை நம்மிடம் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு வீசின. ஏறக்குறைய ஒரு மாதத்தில், மே 8ஆம் திகதி இரவு, இந்து சமுத்திரத்தில் கொக்கோஸ் தீவுகளில் காவலுக்கு நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் தங்கள் வெள்ளைக்கார அதிகாரிக்கு எதிராகக் கிளம்பினார்கள். முன்னின்றவர் கிரேஷியன் பெர்னாண்டோ என்ற இளைஞர். அவருடைய பிரென் துவக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. கிளர்ச்சி அந்த இரவிலேயே அடங்கியது. அவரையும் இன்னும் இருவரையும் ஓகஸ்ட் மாதம் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் கலகத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட மிகச் சில பொதுநலவாயப் படையினரில் இந்த மூவரும் அடங்குவர். மில்லரின் துவக்கு ஒருநாளும் சிக்குவதில்லை. கிரேஷியனின் துவக்கு சிக்கியது. அந்தச் சில விநாடிகளைப் படமாக்கும் துணிவுள்ள ஒருவர் நம்மிடையே இருந்தால், பாட்டும் வேண்டாம், எரிகிற வாகனமும் வேண்டாம். ஒரு தீவு, ஒரு இரவு, தன் அதிகாரியைச் சுடலாமா என்று யோசிக்கும் சில இளைஞர்கள் போதும்.