வலியறிதல்: படைசேர விழையும் இளைஞர்க்கு

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் தமிழ் கற்பிப்போரேயன்றி வைத்தியரல்லேம். ஆயினும் இன்று காலெலும்பைக் குறித்துப் பேசத் துணிந்தோம். எம்பால் பயின்ற ஓர் இளைஞன் திறத்து யாம் இழைத்த பிழையொன்றே இதற்குக் காரணம். அதனை மறையாது கூறி, அதன்பின் வைத்தியரை வினவியும் நூல்களை ஆராய்ந்தும் அறிந்தவற்றை உங்கள் முன் வைப்பதே எம் கருத்து.

நம் இல்லங்களிலிருந்து ஆண்டுதோறும் இளைஞர் பலர் தரைப்படையிற் சேர முயல்கின்றனர். 2022-ஆம் ஆண்டு அக்னிபத் திட்டம் வந்தபின், அக்னிவீரர் என்னும் பெயரால் நான்காண்டுப் பணிக்கு ஆள் எடுக்கப்படுகிறது. 2023 முதல் எழுத்துத் தேர்வு முன்னும் உடற்றேர்வு பின்னுமாக முறை மாறிற்று. பொதுப்பணிப் பிரிவின் உடற்றேர்வில் 1.6 கிலோமீட்டர் ஓட்டமே தலையாயது. 400 மீட்டர் வட்டத்தை நான்கு முறை சுற்றவேண்டும். 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடிப்பவன் 60 மதிப்பெண் முழுதும் பெறுவான். அஃதாவது ஒரு சுற்றுக்கு 82½ விநாடி. எழுத்துத் தேர்வின் முடிவு வெளிவரும்வரை வாளாவிருந்து, வந்த மறுநாளே விடியலில் எழுந்து ஓடத் தொடங்குவோர் பலர். துன்பத்தின் வித்து அங்கேதான் இருக்கிறது.

யாம் குறிப்பிட்ட இளைஞன் ஓர் உழவர் மகன். அவ்வாண்டே அவனுக்கு வயது வரம்பின் இறுதியாண்டு. தேய்ந்த கான்வாஸ் செருப்போடு தார்ச்சாலையில் நாள்தோறும் எட்டுக் கிலோமீட்டர் ஓடினான். மூன்றாம் வாரத்தில் கீழ்க்காலின் உட்புறத்தே நோவு கண்டது. ஒருநாள் எம் இல்லத்துக்கு நொண்டிக்கொண்டே வந்து, "ஐயா, இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தலாமா?" என்று கேட்டான். யாமோ, "வீரனாக விழைவோன் வலிக்கு அஞ்சலாமா?" என்று கூறி அனுப்பினோம். அவன் எம் சொல்லைத் தலைமேற் கொண்டான். வலிநீக்கும் மாத்திரையை விழுங்கி ஓடினான். தேர்வுக்கு ஆறு நாள் இருக்கையில் சாலையிலேயே அமர்ந்துவிட்டான், எழ இயலவில்லை. காலெலும்பில் வெடிப்பு விழுந்திருந்தது. தேர்வு நாளன்று அவன் கட்டிலிற் கிடந்தான். எம்மைச் சிறிதும் நொந்துகொண்டானில்லை. அதுவே இன்றளவும் எம் நெஞ்சை அறுக்கின்றது.

திருக்குறள் கற்பிக்கும் யாம் ஒன்றை மறந்தோம். 'வலி' என்னும் சொல் வன்மையையும் உணர்த்தும், நோவையும் உணர்த்தும். வள்ளுவர் நாற்பத்தெட்டாம் அதிகாரத்திற்கு 'வலியறிதல்' என்று பெயரிட்டார். அவர் கருதியது வன்மையே. ஆயினும் நோவை அறியாதான் தன் வன்மையையும் அறியான் என்பது எம் பட்டறிவு. மெல்லிய மயிலிறகாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமை அவ்வதிகாரத்தில்தான் வருகின்றது. ஓட்டத்தில் ஓரடி மயிலிறகு போல்வது. அவ்வடி பல்லாயிரமாகும்போது முறிவது எலும்பாகிய அச்சு!

இது புதிய நோயன்று. 1855-ஆம் ஆண்டிலேயே பிரைதௌப்ட் என்னும் பிரஷ்யப் படைவைத்தியர், நெடுநடை நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி நோவதைக் கண்டு எழுதினார். எக்ஸ்-கதிர் 1895-இல் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, அவ்வீக்கத்தின் உள்ளே எலும்பு வெடித்திருப்பது புலனாயிற்று.

வெடிப்பது ஏன்? ஓடுகையில் ஒவ்வோரடியிலும் உடலெடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகிறது. எலும்போ உயிருள்ள பொருள். புதிய சுமை வந்தால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். வீட்டைப் புதுப்பிக்கும் கொற்றன் பழஞ்சுவரை இடித்துப் பின் புதுச்சுவர் எழுப்புதல்போல, முதலிற் பழைய எலும்பு கரைக்கப்படும். அதன்பின் புதியது நிரப்பப்படும். கரைப்பது சில வாரங்களில் முடியும். நிரம்பி உறுதியடைய மாதங்கள் செல்லும். ஆகவே, ஓடத் தொடங்கிய மூன்றாம் நான்காம் வாரங்களில் எலும்பு முன்னையினும் நொய்தாக இருத்தல் கூடும். அவ்வேளையில் ஓய்வின்றி ஓடுவது, இடித்த சுவர்மேல் மாடி கட்டுவதை ஒக்கும். மூச்சும் தசையும் விரைந்து தேறிவிடுவதால், "என்னால் இயலும்" என்று உள்ளம் எண்ணுகிறது. எலும்பு பின்தங்கி நிற்பதை அஃது அறிவதில்லை.

இனி நோவின் வகையறிதல் வேண்டும். கீழ்க்கால் எலும்பின் உள்ளோரம் நெடுக, ஐந்து சென்டிமீட்டருக்கு மேற்படப் பரந்து நொந்தால், பெரும்பாலும் அஃது எலும்பின் மேற்றோலும் அதையொட்டிய பகுதியும் நைந்த நோவாகும். அது தொடக்கத்தில் ஓட்டத்தின் முதலில் தோன்றி, உடல் சூடேறியதும் தணிந்து, பின்னர் மீளும். ஒரு விரலால் தொட்டுக்காட்டக்கூடிய ஓரிடத்தில் மட்டும் கடுமையாக நொந்தாலும், நடக்கையிலும் இரவில் படுக்கையிலும் நொந்தாலும், ஒற்றைக் காலில் தத்தும்போது குத்தினாலும் வெடிப்பென்றே ஐயுற்று வைத்தியரை நாடுக. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் வெடிப்புத் தெரியாமற் போகலாம். "படம் நன்றாயிருக்கிறது" என்று மீண்டும் ஓடிவிடலாகாது. எம்.ஆர்.ஐ. படம் அதனை முன்னரே காட்டும். தொடையும் இடுப்பும் கூடும் அரையில் நோவெடுப்பின் ஒருநாளும் தாழ்க்கலாகாது; அங்கே எலும்பு முறியின் அறுவை வரை சென்றுவிடும்.

நோவு கண்டவுடன் செய்யத்தக்கது ஓட்டத்தை நிறுத்துதலே. பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிப் பதினைந்து நிமிடம் ஒற்றலாம். மாத்திரையுண்டு ஓடுதல், காவல்நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்குவது போலாகும். வெடிப்பென்று ஐயமுள்ள இடத்தில் எண்ணெயிட்டு அழுத்தி நீவுதலும் தகாது. ஓட்டம் நின்றதால் பயிற்சி நின்றதாகாது. நோவு தோன்றாதவரை கிணற்றிலோ குளத்திலோ நீந்தலாம், மிதிவண்டி ஓட்டலாம். தண்டுபிடித்து உடலை உயர்த்தும் பயிற்சிக்குக் காலே வேண்டுவதில்லை. உடற்றேர்வில் பத்து முறை உயர்ந்தால் 40 மதிப்பெண் உண்டு.

மீளுதலுக்கும் முறையுண்டு. நைந்த நோவு சில வாரங்களில் தணியலாம். வெடிப்பாயின் ஆறு முதல் எட்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம், வைத்தியர் சொல்லே அளவு. அரைமணி நேரம் விரைந்து நடந்தும் நோவு தோன்றாதாயின், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடையென மாற்றி மாற்றி, ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குக. மறுநாட் காலையே நடுவர்; அப்போது நோவிருப்பின் ஒருபடி இறங்குக. முதலில் தொலைவைக் கூட்டுக. விரைவைப் பின்னர்க் கூட்டுக. இரண்டையும் ஒருங்கே கூட்டற்க. தார்ச்சாலையை விட்டு மண்தரையை நாடுக. கெண்டைக்காலுக்கு வலுவூட்டக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை நாள்தோறும் செய்க.

தாய்மார்களே! உங்கள் கையிலும் மருந்து உண்டு. கேழ்வரகு, பால், தயிர், முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை எலும்புக்குச் சுண்ணச்சத்து அளிப்பன. அமெரிக்கக் கடற்படையிற் புதிதாய்ச் சேர்ந்த பெண்களுக்குச் சுண்ணச்சத்தும் வைட்டமின் டியும் கொடுத்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர்; வெடிப்பு ஐந்திலொரு பங்கு குறைந்ததாம். இஸ்ரேல் படையினர் நடைத் தொலைவைக் குறைத்து, இரவில் ஆறு மணி நேரமேனும் உறங்கச் செய்து, பாதிக்கு மேல் குறைத்தனர். நம் பெண்மக்களும் இன்று இராணுவக் காவற்பிரிவிற் சேர்கின்றனர். உணவைச் சுருக்கி ஓட்டத்தைப் பெருக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோனால், எலும்பு மெலிகின்றது என்பதன் அறிகுறி அது. நாணத்தால் மறைக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பெரியோர்களே! தேர்வில் வென்றவன் நீலகிரியில் வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் நடுநிலையம் போன்ற இடங்களுக்குப் பயிற்சிக்குச் செல்கிறான். அங்கே ஓட்டமும் நடையும் மிகுமேயன்றிக் குறையா. நைந்த காலோடு சென்றவன் வாயிலிலேயே வீழ்வான். ஆகையால் இருவாரம் காத்தல் கோழைமையன்று. "வலிக்கிறது" என்று ஓர் இளைஞன் சொல்லும்போது எள்ளாதிருங்கள்; எங்கே, எப்போது, எவ்வளவு என்று வினவுங்கள். நம் சங்கத்தார் மாணவர் இல்லத்தையடுத்த வெற்றிடத்தைத் திருத்தி 400 மீட்டர் மண்வட்டம் ஒன்று அமைத்தளிப்பின், அஃது ஒரு மணிமண்டபத்தினும் சிறந்த அறமாகும் என்பது எம் விண்ணப்பம்.

அவ்விளைஞன் கால் தேறிற்று, வயதோ கடந்துவிட்டது. இன்று வயலுழவை முடித்துக்கொண்டு, அவ்வூர்ச் சிறுவர்க்கு ஏரிக்கரையில் ஓட்டம் பழக்குகின்றான். அண்மையில் ஒரு விடியலில் யாம் அங்குச் சென்றிருந்தோம். ஓட்டத்தைத் தொடங்குமுன் ஒவ்வொருவனையும் நிறுத்தி, "தம்பி, கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான். அன்று அவன் வந்து எம்முன் நின்றபோது யாம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது. ஆசிரியர் கற்பியாததை மாணவன் கற்பிக்கின்றான்.