மஞ்சள் டப்பா போதும், மாத்திரை வேண்டாம்

நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். "மஞ்சள் புற்றுநோயைத் தடுக்கும்" என்று நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி செய்தி வருகிறது. சில வீடுகளில் மஞ்சள் மாத்திரையும் வந்துவிட்டது. அந்தக் கணக்கைச் சேர்ந்து சரிபார்ப்போம்.

முதலில் வரவு. விரலில் வெட்டுப்பட்டால் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. சில நாளில் தணிந்தால் நல்லது. உடம்புக்குள் வருடக்கணக்கில் நீடித்தால் செல்கள் சேதமாகி, புற்றுநோய்க்கு வழி திறக்கலாம். ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் கல்லீரலில் செய்வது பெரும்பாலும் இதைத்தான். மஞ்சளில் உள்ள குர்குமின், ஆய்வுக்கூடத்தில் செல்களிலும் எலிகளிலும் அழற்சியைக் குறைத்திருக்கிறது. அதுவரை செய்தி சரி.

இனி செலவுப் பக்கம். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். 1998-ல் பெங்களூரு ஆய்வாளர்கள், மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த அளவு 20 மடங்கு கூடியது. ஆனாலும் மனிதர்களுக்குப் புற்றுநோய் வராமல் மஞ்சள் தடுக்கும் என்று இதுவரை நிரூபணம் இல்லை.

"சாப்பாட்டில் நல்லதென்றால் மாத்திரையில் இன்னும் நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை அப்படித்தான் நினைத்தார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் சோதித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது.

மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் உண்டு. அதில் சேர்க்கும் பைப்பரின், நாம் சாப்பிடும் வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே ரசத்திலும் குழம்பிலும் மஞ்சளும் மிளகும் வழக்கம்போல இருக்கட்டும். மாத்திரை வாங்குமுன் டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் அதை அவரிடம் மறைக்காதீர்கள். புகையிலையை விடுவது, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை இவைதான் நிரூபணமான தடுப்புகள். உடம்பில் கட்டி தெரிந்தால், "மஞ்சள் சாப்பிட்டுப் பார்ப்போம்" என்று ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஒரு மாதம் திரும்பக் கிடைக்காது.