மஞ்சளுக்குள் இருக்கும் சிவப்பு

கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள். தாலிக் கயிற்றிலும் மஞ்சள். சமயபுரம் மாரியம்மனைப் பார்க்க நடந்தே போகிற பக்தர்கள் உடுத்துவதும் மஞ்சள்தான். நம் வழிபாட்டில் அது மங்கலத்தின் நிறம்.

சரி, குங்குமத்தின் சிவப்பு எங்கிருந்து வந்தது? அதுவும் மஞ்சளிலிருந்துதான்!

ஆரத்தி கரைப்பதைக் கவனித்திருப்பீர்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்ப்பார்கள். கலக்கிய நொடியிலேயே தண்ணீர் சிவந்துவிடும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள், சுண்ணாம்பின் காரம் பட்டதும் சிவப்பாக மாறுகிறது. அதில் எலுமிச்சையைப் பிழிந்தால்? மறுபடியும் மஞ்சள்! பிள்ளைகளுக்கு அவசியம் செய்து காட்டுங்கள், அவ்வளவு அழகு.

மரபான குங்குமத்துக்கும் மஞ்சள்தான் மூலப்பொருள். இப்போது கடைகளில் செயற்கைச் சாயம் கலந்ததும் வருகிறது. நெற்றியில் அரிப்பு வருகிறவர்கள், மஞ்சளில் செய்த குங்குமமா என்று கேட்டு வாங்கலாம்.