புறப்படுமுன் ஒப்புரவாகுதல்

(நேபாளத்திற்குச் செல்லும் மருத்துவக் குழுவை ஜெபித்து அனுப்பும் ஆராதனையில், குழுவிலுள்ள ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருவர் பேசியது)



இன்னும் சில நாட்களில் நாங்கள் ஏழு பேர் நேபாளம் புறப்படுகிறோம். கோரக்பூர் வரை ரயில். அங்கிருந்து சுனௌலி எல்லையைக் கடந்து பஸ்ஸில் மலையேறி, ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். உதடு பிளந்து பிறந்த குழந்தைகளுக்கும், அடுப்புத் தீயில் வெந்து விரல்கள் ஒட்டிப்போனவர்களுக்கும் இரண்டு வாரம் ஆபரேஷன் செய்ய இருக்கிறோம்.

நாங்கள் பிரசங்கம் பண்ணப் போகவில்லை. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தண்டனைச் சட்டம், ஒருவரை மதம் மாற்றுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதற்கு உட்பட்டுத்தான் போகிறோம். அங்குள்ளவர்கள் எங்களிடம் காணப்போவது எங்கள் வேலையையும், நாங்கள் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் விதத்தையும்தான். அதைப்பற்றியே ஒரு சாட்சி சொல்ல விரும்புகிறேன்.

மூன்று மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கூடினோம். முதல் சில வாரங்கள் ஜெபம் பண்ணுவோம், சாமான் பட்டியலைப் பார்ப்போம், கலைந்துவிடுவோம். ஒரே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள்தானே, புதிதாகப் பழக என்ன இருக்கிறது என்று நினைத்தோம். ஆனால் எங்களுக்குள் ஒரு காரியம் இருந்தது. அது என்னிடத்தில்தான் இருந்தது.

குழுவில் மயக்க மருந்து டெக்னீஷியன் ஒருவர் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு நோயாளியின் முன்பாக அவர் என்னைச் சத்தம்போட்டுப் பேசிவிட்டார். அன்று முதல் வேலைக்கு வேண்டிய வார்த்தைக்கு மேல் நான் அவரிடம் பேசினதில்லை. ஒரே அறையில் நின்று ஜெபித்தோம். என் மனம் மட்டும் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பெட்டிகளை அடுக்கினோம். அவருடைய பட்டியலைப் பார்த்தபோது, கைக்குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் வைக்கும் சிறிய அளவு டியூபுகள் அதில் இல்லை என்பதைக் கவனித்தேன். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அவர் வேலையை அவர் பார்க்கட்டும்" என்று பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்த மலையூரில், பத்து இறாத்தல் எடையுள்ள ஒரு குழந்தை மேஜைமேல் கிடக்கும்போது அந்த டியூப் இல்லையென்றால் எங்கே ஓடுவோம்? என் வைராக்கியத்துக்கு விலை கொடுக்கப்போவது யாரோ ஒரு ஏழைத் தாயின் பிள்ளையல்லவா? கர்த்தர் என்னோடு பேசினார்.

மறுநாள் ஆராதனை முடிந்து நேராக அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, நேற்றே சொல்லியிருக்கணும், கோபத்திலே சொல்லாமல் விட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சிஸ்டர், அன்றைக்கு நான் பேசினது தப்பு. மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் நினைத்தேன், வாய் வரவில்லை" என்றார். அவர் வீட்டு அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். மூவருமாக ஜெபித்தோம்.

அடுத்த சனிக்கிழமை இதை எல்லார் முன்பாகவும் சொன்னோம். அப்போது எங்கள் டாக்டரம்மா ஒரு செய்தி சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் பாதுகாப்புக்கென்று 19 குறிப்புகள் கொண்ட பட்டியல் வெளியிட்டது. கத்தி வைக்குமுன் குழுவில் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அந்தப் பட்டியலைச் சோதித்தபோது, ஆபரேஷனுக்குப் பிந்திய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009-ல் அறிவித்தார்கள். பழகினவர்களே பயமில்லாமல் வாய்திறந்து, "டாக்டர், ஒரு நிமிஷம் பொறுங்கள்" என்று சொல்வார்கள் என்றார்கள் டாக்டரம்மா.

அதுமுதல் எங்கள் கூட்டம் மாறியது. சேர்ந்து சமைத்தோம், பாத்திரம் கழுவினோம், அவரவர் வீட்டுப் பாரங்களைச் சொன்னோம். யாருக்கு இருட்டில் பயம், யாருக்கு மலைப்பாதையில் வாந்தி வரும் என்பதுகூட இப்போது எல்லாருக்கும் தெரியும்.

அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பார்க்கிறேன். மாற்குவைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் கோபம் மூண்டு, இருவரும் பிரிந்து போனார்கள். ஆனால் பவுல் தன் கடைசி நாட்களில், அதே மாற்குவை அழைத்துவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஊழியத்தில் மனஸ்தாபம் வருவது புதிதல்ல. அதிலேயே நிலைத்துவிடுவதுதான் ஆபத்து.

அந்தச் சிறிய டியூபுகள் இப்போது மூன்றாம் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை வாங்கினது உங்கள் காணிக்கை. அதற்காக உங்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் இன்று நான் கேட்பது வேறு. நாங்கள் களைத்து, தூக்கமில்லாமல் நிற்கும் நேரத்தில் எங்களுக்குள் கசப்பு முளைக்காதபடி ஜெபியுங்கள். இங்கேயும் யாரோடாவது பேசாமலிருந்தால், நாங்கள் திரும்பி வருமுன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கர்த்தர் உங்களையும் எங்களையும் காப்பாராக. ஆமென்.